ஜாகுவார் பார்க்கும் பயணமும் அதன் வரவு செலவும்

ஜாகுவார் என்றதும் எம்மில் பலருக்குக் கார்தான் நினைவுக்கு வரும். ஆனால் அது அமெரிக்கக் கண்டங்களில் வாழும் மிகப் பெரிய பூனையினம். பார்வைக்கு எங்கள் ஊர்ச் சிறுத்தையைப் போன்றது. உடல் இன்னும் கட்டையானது, தாடை வலிமையானது. தோலில் உள்ள கரிய வளையங்களுக்குள் சிறு புள்ளிகளும் இருக்கும்.

ஒரு காலத்தில் கலிபோர்னியாவிலும் இது வாழ்ந்தது. இன்று சன்னிவேலில் இருந்து காரில் போய்ப் பார்த்துவர முடியாது. மெக்சிக்கோவில் இருந்து அரிசோனா மலைகளுக்கு எப்போதாவது ஓர் ஆண் ஜாகுவார் வரும். 'எல் ஹெஃபே' எனப் பெயரிடப்பட்ட ஒன்று 2011 முதல் 2015 வரை அங்கு தானியங்கிக் கமராக்களில் பதிவானது. பெலீஸ் நாட்டின் கொக்ஸ்கோம் சரணாலயம் ஜாகுவாருக்காகவே பெயர் பெற்றது. ஆனால் காடு அடர்த்தி என்பதால் காலடித் தடம்தான் பெரும்பாலும் கிடைக்கும்.

நேரில் பார்க்கச் சிறந்த இடம் பிரேசிலின் பந்தனால் சதுப்புநிலம். குயாபா நகரில் இருந்து போர்ட்டோ ஜோஃப்ரே வரை வீதிப் பயணம், பிறகு படகு. யூலை முதல் ஒக்டோபர் வரை நீர் வற்றும் காலத்தில், கெய்மன் முதலைகளையும் கப்பிபராக்களையும் தேடி ஜாகுவார்கள் ஆற்றங்கரைக்கு வரும்.

அதே பந்தனால் மாட்டுப் பண்ணைகளின் நிலமும்கூட. மாடுகளைப் பிடிப்பதால் பண்ணையாளர்கள் ஜாகுவாரைச் சுட்டுவந்தார்கள். 2017இல் வெளியான ஓர் ஆய்வு இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தது. ஆய்வு நடந்த பகுதியில் ஜாகுவார் சுற்றுலாவின் ஆண்டு வருமானம் சுமார் 68 இலட்சம் டொலர். மாடுகளால் ஏற்படக்கூடிய இழப்பு சுமார் 1 இலட்சத்து 21 ஆயிரம் டொலர். மொத்தமாகப் பார்த்தால் பெரிய இலாபம். ஆனால் கணக்காளன் கேட்க வேண்டிய கேள்வி வேறு: வரவு யாருடைய புத்தகத்தில், நட்டம் யாருடைய புத்தகத்தில்? விடுதிக்காரர் உழைக்க, மாட்டுக்காரர் மட்டும் இழந்தால் அந்த இலாபம் ஜாகுவாரைக் காப்பாற்றாது.

இது எமக்கும் பொருந்தும். யாலவுக்கும், போர்க்காலத்தில் மூடப்பட்டு 2010இல் மீண்டும் திறந்த வில்பத்துவுக்கும் சிறுத்தை பார்க்க உலகெங்கும் இருந்து வருகிறார்கள். 2018 யூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்துக்குள் வந்து ஆட்களைக் காயப்படுத்திய சிறுத்தையை ஊரவர்கள் அடித்துக் கொன்றார்கள். பலர் அவர்களைத் திட்டினார்கள். சுற்றுலா வருமானம் எட்டாத ஊருக்குச் சிறுத்தையால் கிடைத்தது காயமும் பயமும்தான் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

பிள்ளைகளுடன் பந்தனாலுக்கோ வில்பத்துவுக்கோ போக நினைப்பவர்கள், பணம் கட்டுமுன் கேளுங்கள்: வழிகாட்டி அந்த ஊரவரா? விடுதி யாருடையது? ஆடு மாடு இழந்தவருக்கு இதில் ஏதாவது போய்ச் சேருகிறதா?