புது வழித்தடத்தை யார் சோதிப்பது?

காஞ்சிபுரத்தின் தென்கோடியில், உத்திரமேரூர் சாலை பாலாற்றைக் கடப்பதற்குச் சற்று முன்னால் இருக்கிறது ஓரிக்கை. அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பணிமனை இந்த ஊரில்தான். ஆனால், பணிமனை இருப்பதாலேயே ஓர் ஊர் நெடுந்தொலைவுப் பயணத்தின் தொடக்கமாக ஆகிவிடுவதில்லை. ஓரிக்கையிலோ, ஆற்றுக்குத் தெற்கே உள்ள கிராமங்களிலோ இருப்பவர் தென்மாவட்டங்களுக்குப் போக வேண்டுமென்றால், முதலில் காஞ்சிபுரம் பேருந்து நிலையம், பிறகு செங்கல்பட்டு அல்லது 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் என்று வடக்கேயும் கிழக்கேயும் சுற்றித்தான் பெரும்பாலும் தெற்கே திரும்ப வேண்டியிருக்கிறது. பட்டுத் தொழிலின் உறவுகளோ வேறு திசைகளில் ஓடுகின்றன. காஞ்சிபுரத்துக் கடைகளுக்கு ஆரணியில் தறி ஓடுகிறது. தருமபுரியில் பட்டுக்கூடு ஏலம் போகிறது. கும்பகோணத்தை அடுத்த திருபுவனம் இன்னொரு பட்டு ஊர். பாவும் ஜரிகையும் கூலிக் கணக்கும் பெண் கொடுத்து எடுத்த சம்பந்தமும் இந்தச் சிற்றூர்களுக்கு இடையேதான் போய் வருகின்றன. பேருந்து வரைபடம் பெரிய நகரங்களை நடுவில் வைத்துப் போடப்பட்டது. மக்களின் போக்குவரத்து அப்படி இல்லை. இந்த இடைவெளியை நிரப்ப, ஒன்றிரண்டு வண்டி வைத்திருக்கும் சிறு உரிமையாளர்களுக்குப் புதிய கிராமப்புற நெடுந்தொலைவு வழித்தடங்களைச் சோதித்துப் பார்க்கும் உரிமையைக் கால வரம்போடும் கடமைகளோடும் வழங்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

இன்றைய நிலையில் சிறு உரிமையாளருக்கு என்ன வாசல் திறந்திருக்கிறது என்று பார்ப்போம். முதல் வாசல் மினி பஸ். 1997-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தைத் தமிழக அரசு விரிவுபடுத்தி, 2025 ஜூனில் தஞ்சாவூரில் புதிதாகத் தொடங்கி வைத்தது. அதன்படி வழித்தடத்தின் நீளம் அதிகபட்சம் 25 கி.மீ.; அதில் குறைந்தது 65 சதவீதம் பேருந்து வசதி இல்லாத பாதையாக இருக்க வேண்டும். நல்ல திட்டம். ஆனால் ஓரிக்கையிலிருந்து உத்திரமேரூர்ப் பக்கம் போவதற்கே அந்த 25 கி.மீ. சரியாகிவிடும். இரண்டாவது வாசல் ஆம்னி பஸ். அது ஒப்பந்த ஊர்திக்கான பெர்மிட்டில் ஓடுவது. வழியில் நிறுத்தி நிறுத்தி ஆள் ஏற்றி இறக்க அதற்கு அனுமதி கிடையாது. மூன்றாவது, ஊருக்கு ஊர் நின்று போகும் மொபசல் பஸ். அதற்கான புதிய பெர்மிட்டை, அரசுக் கழகங்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பகுதித் திட்டங்கள் பெரும்பாலும் தடுத்து வைத்திருக்கின்றன. ஆக, 25 கி.மீ.க்கு மேல் போய், கிராமங்களில் நின்று, இரண்டு மூன்று மாவட்டங்களைக் கடக்கும் ஒரு புதிய தடத்தைச் சிறு உரிமையாளர் தொடங்க நினைத்தால், அவருக்கென்று ஒரு வாசல் இல்லை.

வரலாறு இப்படித் தொடங்கவில்லை. டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1912-ல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டபோது, அந்தத் தடத்தில் ஆள் வருமா என்று எந்த அலுவலகமும் கணக்கெடுத்துச் சொல்லவில்லை. ஓட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். பிறகு 1970-களின் தொடக்கத்தில் பேருந்துகள் அரசுடைமை ஆகி, பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என்று கழகங்கள் பிறந்தன. லாபம் தராத கிராமத்துக்கும் பஸ் போக வேண்டும் என்ற கொள்கையை அவை நிலைநாட்டின. தமிழ்நாட்டில் கிராமத்துப் பிள்ளைகள் பள்ளிக்கும் கல்லூரிக்கும் போனதில் அந்தக் கழகங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அதைக் குறைத்துப் பேசுவது நன்றிகெட்ட செயல். ஆனால் இருக்கும் தடத்தைத் தொடர்ந்து ஓட்டுவது வேறு, இல்லாத தடத்தைக் கண்டுபிடிப்பது வேறு. ஆயிரக்கணக்கான வண்டிகளை நடத்தும் கழகத்துக்கு, ஆள் வருமா வராதா என்று தெரியாத ஒரு தடத்தில் ஆறு மாதம் காத்திருக்க அவகாசமில்லை. வண்டி பற்றாவிட்டால் முதலில் குறைவது கிராமத்து நடைதான்.

சட்டம் தடுக்கிறதா என்றால், முழுக்கத் தடுக்கவில்லை. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 1939-ஆம் ஆண்டுச் சட்டத்தைவிடத் தாராளமானது. பெர்மிட் கேட்பவருக்குச் சாதாரணமாக மறுக்கக் கூடாது என்பதே அதன் போக்கு. மிதிலேஷ் கார்க் வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றமும் அந்தத் தாராளப் போக்கை உறுதிசெய்தது. அதே சட்டத்தின் ஆறாவது அத்தியாயம், மாநிலக் கழகங்களுக்காகத் தடங்களை ஒதுக்கிவைக்கும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுக்கிறது. தமிழ்நாட்டில் கதவு சாத்தப்பட்டது அங்கேதான். ஆனால் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் 67-ஆம் பிரிவில் ஓர் உட்பிரிவைச் சேர்த்தது. சட்டத்தில் வேறெங்கு என்ன சொல்லியிருந்தாலும், கிராமப்புறப் போக்குவரத்தை மேம்படுத்த மாநில அரசு தனித் திட்டம் வகுத்து உரிமம் வழங்கலாம் என்கிறது அது. குறுகிய காலத் தேவைக்கு நான்கு மாதம் வரை தற்காலிக பெர்மிட் கொடுக்க 87-ஆம் பிரிவு முன்பிருந்தே உண்டு. சோதனை ஓட்டத்துக்கு வேண்டிய சாவி அரசின் கையிலேயே இருக்கிறது.

வாசல் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதைக் கேரளத்தின் ராபின் பஸ் விவகாரம் காட்டியது. 2023 நவம்பரில் பத்தனம்திட்டாவிலிருந்து கோயம்புத்தூருக்கு, அகில இந்திய சுற்றுலா பெர்மிட்டை வைத்துக்கொண்டு ஒரு தனி உரிமையாளர் வழியில் ஆள் ஏற்றி பஸ் ஓட்டினார். கேரளத்தில் பலமுறை நிறுத்தி அபராதம் போட்டார்கள். தமிழக எல்லைக்குள்ளும் அபராதம் விதித்து வண்டியைப் பிடித்து வைத்தார்கள். அவர் செய்தது சட்டப்படி சரியா என்பது நீதிமன்றத்தின் வேலை. கவனிக்க வேண்டியது வேறொன்று: அதே தடத்தில், அவருடைய நேரத்துக்கு அரைமணி முன்னதாக, கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் ஒரு ஏசி பஸ்ஸை விட்டது. தேவை இருக்கிறது என்பதைத் தனியார் காட்டிய பிறகுதான் அரசுக் கழகம் அந்த நேரத்துக்கு வண்டி விட்டது. சிறு உரிமையாளரால் பொதுமக்களுக்குக் கிடைக்கும் முதல் ஆதாயமே இந்தத் தகவல்தான். டிக்கெட் மெஷினில் யார் எங்கே ஏறினார், எங்கே இறங்கினார், எந்த நடையில் எத்தனை பேர் என்பது ஸ்டேஜ் வாரியாகப் பதிவாகிறது. ஆறு மாதப் பதிவு கையில் இருந்தால், வேறு எந்தக் கணக்கெடுப்பும் அதற்கு ஈடாகாது.

காஞ்சிபுரம் வட்டாரத்தில் தேவை இருப்பதற்குக் கண்ணெதிரே சான்று உண்டு. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், செய்யாறு தொழிற்பேட்டைகளின் கம்பெனி பஸ்கள் விடியும் முன்பே கிராமத்து முனைகளில் நிற்கின்றன. தறியை விட்டுவிட்டு ஷிப்ட் வேலைக்குப் போகும் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு ஏறுகிறார்கள். அதே முனையில் அதே திசைக்குப் போகக் காத்திருக்கும் நோயாளியும் கல்லூரி மாணவியும் அதில் ஏற முடியாது. அந்த பெர்மிட் கம்பெனி ஆட்களுக்கு மட்டுமே. சாலையும் வண்டியும் ஓட்டுநரும் ஆளும் இருக்கும் இடத்தில், பொதுப் பேருந்து மட்டும் இல்லை.

முதல் ஆட்சேபம் கணக்கிலிருந்து வரும்: இது லாபமாக நடக்குமா? நேர்மையாகப் பார்த்தால், இன்றைய கட்டணத்தில் மிகக் கடினம். சாதாரண மொபசல் கட்டணம் கி.மீ.க்கு 58 காசு என்று 2018 ஜனவரியில் வைத்தது. அப்போது சென்னையில் டீசல் லிட்டர் 70 ரூபாய்க்கும் கீழ். இப்போது 92 ரூபாய் என்று வைத்துக்கொண்டு, வண்டி லிட்டருக்கு 5 கி.மீ. தரும் என்று கொண்டால், டீசலுக்கு மட்டும் கி.மீ.க்கு 18 ரூபாய் 40 காசு ஆகும். தொடக்கத்திலிருந்து கடைசி வரை 32 பேர் டிக்கெட் எடுத்து உட்கார்ந்திருந்தால்தான் அந்தச் செலவு மட்டும் கட்டுப்படியாகும். ஓட்டுநர், நடத்துநர் சம்பளம், பேட்டா, டயர், இன்சூரன்ஸ், வரி, எஃப்.சி. செலவெல்லாம் அதற்கு மேல். புதுத் தடத்தில் முதல் மாதமே 32 பேர் வரமாட்டார்கள். எனவே சோதனைக் காலத்துக்கு வாகன வரிச் சலுகையும், ஆள் குறைவான நடைகளுக்கு ஒரு சிறு ஈட்டுத்தொகையும் தேவை. இது புதுமையல்ல. கேரளத்தில் 2022-ல் தொடங்கிய கிராமவண்டித் திட்டத்தில் டீசல் செலவை உள்ளாட்சி அமைப்பு ஏற்கிறது. வண்டியும் ஊழியரும் அரசுக் கழகத்தின் பொறுப்பு. பெரிய தொகை வேண்டாம். பஞ்சாயத்துகள் சேர்ந்து சுமக்கக்கூடிய அளவு போதும்.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது: தனியார் வந்தால் நல்ல கலெக்‌ஷனை எடுத்துக்கொள்வார்கள், நஷ்டம் அரசுக் கழகத்தின் தலையில் விழும். 2021 மே மாதம் தொடங்கிய மகளிர் கட்டணமில்லாப் பயணத்தால் ஒவ்வொரு பெண்ணுக்கும் மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு சொன்னது. அந்தச் சேவை தளர்ந்தால் முதலில் பாதிக்கப்படுவது ஏழைப் பெண்கள்தான். இந்தக் கவலை நியாயமானது. அதற்கு விடை மினி பஸ் திட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. பேருந்து வசதி இல்லாத பாதை இத்தனை சதவீதம் என்ற விதியை நெடுந்தொலைவுக்கும் பொருத்தலாம். வசதி உள்ள பகுதியில் அரசுப் பேருந்துக்கு முன்னும் பின்னும் இத்தனை நிமிடத்துக்குள் வண்டி எடுக்கக் கூடாது என்று நேரத்தை வரையறுக்கலாம். மகளிர் கட்டணமில்லாப் பயணம் சாதாரண நகரப் பேருந்துகளுக்கானது. இந்தத் தடங்கள் அதற்குப் போட்டியாக வராது, அதற்கு ஆள் கொண்டுவந்து சேர்க்கும்.

மூன்றாவது, கலெக்‌ஷனுக்காகப் போட்டி போட்டு ஓட்டுவார்களே என்பது. இலங்கை இதற்குப் பாடம். 1958-ல் அங்கே பேருந்துகள் அரசுடைமை ஆயின. 1970-களின் கடைசியில் தனியாருக்கு மீண்டும் வழிவிட்டபோது ஒற்றை வண்டிக்காரர்கள் சாலையை நிறைத்தார்கள். ஒரே தடத்தில் ஒருவரையொருவர் முந்தும் ஓட்டம் இன்றுவரை அங்கே தீராத நோய். ஆனால் ஒரு தடத்தில் ஒரே உரிமையாளர் என்றால் முந்துவதற்கு ஆளில்லை. அதே இலங்கையில் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு, லாபமில்லாத கிராமத் தடங்களுக்கு மானியம் கொடுத்துத் தனியாரை ஓட்டவைக்கும் திட்டமும் வைத்திருக்கிறது. நான்காவது அச்சம், இன்று சிறியவருக்குத் திறக்கும் வாசலில் நாளை பெரிய நிறுவனம் நுழையும் என்பது. ஜெர்மனி 2013-ல் நெடுந்தொலைவுப் பேருந்துகளைத் திறந்துவிட்டது; சில ஆண்டுகளிலேயே போட்டியாளர்களை வாங்கிச் சேர்த்து, ஃபிளிக்ஸ்பஸ் ஒன்றே சந்தையில் பெரும்பகுதியைப் பிடித்தது. எனவே ஓர் உரிமையாளருக்கு இத்தனை வண்டிக்கு மேல் இல்லை, சோதனை பெர்மிட்டை விற்கவோ மாற்றவோ கூடாது என்று தொடக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். லாபம் குறைந்ததும் சொல்லாமல் நிறுத்திவிடுவதைத் தடுக்க, முன்பணம் கட்டவைத்து, மூன்று மாத முன்னறிவிப்பையும் கட்டாயமாக்கலாம்.

தமிழக அரசு 67-ஆம் பிரிவின்கீழ் ஒரு சோதனைத் திட்டத்தை அறிவிக்கட்டும். காஞ்சிபுரம், திருவண்ணாமலை, விழுப்புரம் என்ற மூன்று மாவட்டங்களில், பேருந்து நிலையத்தை நம்பாமல் கிராமத்தில் தொடங்கிக் கிராமத்தில் முடியும் தடங்களுக்கு ஓராண்டு பெர்மிட் கொடுக்கட்டும். எந்தத் தடம் வேண்டும் என்பதைக் கிராம சபைகள் தீர்மானம் போட்டுச் சொல்லட்டும். டிக்கெட் பதிவுகளை மாதந்தோறும் மக்கள் பார்வைக்கு வைக்கட்டும். ஆண்டு முடிவில் ஓடிக் காட்டிய தடத்தை நிலையாக்கி, ஓடாததைக் கைவிடலாம். தவறினால் அரசுக்கு இழப்பு மிகக் குறைவு. சரியாக அமைந்தால், ஓரிக்கையிலிருந்து தெற்கே போகிறவர் சென்னைப் பக்கம் சுற்ற வேண்டியதில்லை. சட்டத்தில் இடம் இருக்கும்போது இதைத் தள்ளிப்போட அரசுக்கு நியாயமான காரணம் எதுவும் இல்லை.