உஷார்! தலையில் ‘கிப்சன்’ என்று எழுதியிருந்தால் போதாது

மூன்று திருகாணி. அதைக் கண்டதும் என் நெஞ்சு திக்கென்றது.

போன மாதம் யோகபுரத்துப் பெடியன் ஒருவன் மல்லாவியில் இருக்கிற என் ஒலிபெருக்கிக் கடைக்கு ஒரு கிற்றாரைக் கொண்டுவந்தான். பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தான். “அண்ணை, ஒரு பக்கச் சத்தம் வரேல்லை, ஒருக்காப் பாருங்கோ” என்றான். எங்கே வாங்கியது என்று கேட்டேன். “கொழும்பிலை ஒருத்தர் தந்தவர். 1959ஆம் ஆண்டு லெஸ் போலாம். வெளிநாட்டிலை கோடிக்கணக்கிலை போகுமாம். எங்களுக்கு ஆறரை இலட்சத்துக்கு விட்டவர்.”

பிரான்சில் இருக்கிற தமையன் பாதிக் காசு அனுப்பியிருக்கிறார். மீதிக்குத் தாயின் சங்கிலி அடைவுக்குப் போயிருக்கிறது. விளக்கை இழுத்து வைத்துத் தலைப்பகுதியைப் பார்த்தேன். சாவிகளுக்கு நடுவே மணி வடிவில் ஒரு சின்னக் கறுப்பு மூடி இருக்கும். கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியை இறுக்கவும் தளர்த்தவும் அதைத்தான் திறக்க வேண்டும். கிப்சன் கொம்பனியின் லெஸ் போல் கிற்றாரில் அந்த மூடிக்கு இரண்டு திருகாணிதான் உண்டு. இதில் மூன்று. கழற்றினால் உள்ளே அலன் கீ போடுகிற ஓட்டை. அசலில் பொக்ஸ் ஸ்பானரால் திருப்புகிற நட் இருக்கும். திருப்பிப் பார்த்தேன். கழுத்தும் தலையும் சேருமிடத்தில், வார்னிசுக்கு அடியில் குறுக்கே ஓர் ஒட்டு. அசலின் கழுத்தில் அந்த இடத்தில் இப்படிக் குறுக்கு ஒட்டு வராது. சத்தம் வராத காரணம் வயர் ஒன்று விட்டிருந்தது. சோல்டர் வைக்க ஐந்து நிமிடம் போதும். விசயத்தைச் சொல்லி முடிக்க எனக்கு அரை மணி நேரம் எடுத்தது. பெடியன் ஒரு சொல்லும் பேசவில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். வன்னியில் உள்ள தாய் தகப்பன்மாரும், வெளிநாட்டில் இருந்து காசு அனுப்பும் அண்ணன் அக்காமாரும் தயவுசெய்து வாசியுங்கோ. கிற்றார் ஆசை நல்ல ஆசை. ‘பழசு’, ‘அரியது’, ‘நாளைக்கு விலை ஏறும்’ என்ற மூன்று சொல்லோடு ஒருவர் வந்தால் மட்டும் காசுப் பையை இறுக்கிப் பிடியுங்கோ.

இந்தக் கதைகளுக்கு ஓர் உண்மையான வேர் இருப்பதால்தான் எங்கள் பிள்ளைகள் விழுகிறார்கள். கிப்சன் கொம்பனி 1958 முதல் 1960 வரை மஞ்சளும் சிவப்பும் கலந்த சூரியச் சாயத்தில் லெஸ் போல் செய்தது. அந்தக் காலத்தில் அது சரியாக விற்கவில்லை. நிறுத்திவிட்டு வேறு வடிவத்துக்குப் போனார்கள். சில வருடம் கழித்து எரிக் கிளாப்டன் போன்ற பெரிய கிற்றார்காரர்கள் அதைக் கையில் எடுத்த பிறகு உலகம் தேடத் தொடங்கியது. மொத்தம் ஏறக்குறைய 1,500 செய்யப்பட்டிருக்கலாம் என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. இன்றைக்கு ஒன்று இலட்சக்கணக்கான டொலருக்குப் போகிறது. யோசியுங்கோ: உலகத்திலேயே இவ்வளவுதான் உள்ள ஒரு பொருள், ஆறரை இலட்சம் ரூபாவுக்கு, போனில் பேசி, பஸ்ஸில் ஏற்றி மல்லாவிக்கு வருமா?

அந்தக் கிற்றார்களின் சத்தத்தைப் பற்றிக் கிற்றார்காரருக்குள் முடியாத வாதம் ஒன்று உண்டு. காய்ந்த பழைய மரம்தான் பாடுகிறது என்பார் ஒரு பகுதியினர். தந்தியும், அதன் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பும், அம்பிளிபயரும்தான் சத்தம், மரத்தில் ஒன்றுமில்லை என்பார் மற்றப் பகுதியினர். அந்தப் பிக்கப்புக்கும் ஒரு கதை உண்டு. சேத் லவர் என்ற பொறியியலாளர் இரைச்சலை அடக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்பை உருவாக்கி, 1955இல் அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பம் போட்டார். 1957இல் அது லெஸ் போலில் ஏறியது. அடியில் ‘காப்புரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறது’ என்று ஒரு சின்ன ஸ்டிக்கர். கம்பி சுற்றியது எல்லாவற்றிலும் ஒரே அளவாக இல்லை. அதனால் ஒன்றின் குரல் இன்னொன்றுக்கு இல்லை; ஒவ்வொன்றுக்கும் தனிக்கதை சேர்ந்துவிட்டது. வாதத்தில் நான் இரண்டாம் பக்கம். உங்களுக்கு அது முக்கியமில்லை. அந்த ஸ்டிக்கரையே போலியாக அடித்து விற்கிறார்கள் என்பதுதான் நீங்கள் அறிய வேண்டியது.

2019 ஜூனில் நியூயோர்க்கில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் பிங்க் ஃபுளொயிட் குழுவின் கிற்றார்காரர் டேவிட் கில்மோரின் கறுப்புப் பெண்டர் ஸ்ராட்டோகாஸ்டர் 39 இலட்சத்து 75 ஆயிரம் டொலருக்குப் போனது. எங்கள் காசில் இன்றைய கணக்குக்கு நூறு கோடி ரூபாவுக்கு மேல். அந்தச் செய்தியைப் பார்த்த பெடியள் எல்லாருக்கும் ‘பழைய பெண்டர் என்றால் தங்கம்’ என்று மனதில் பதிந்துவிட்டது. அந்தக் கிற்றாரின் வரலாற்றைப் பாருங்கோ. 1970இல் நியூயோர்க் கடையொன்றில் வாங்கியது. கறுப்புக்கு அடியில் வேறு சாயம். கழுத்தைப் பலமுறை மாற்றினார், பிக்கப்புகளை மாற்றினார், பாலத்தை மாற்றினார். சேகரிப்பாளரின் சட்டப்படி பார்த்தால், சாயமும் பாகமும் மாறிய கிற்றாரின் விலை பாதியாக விழ வேண்டும். ஏலத்தில் விலை போனது அந்தக் கை. பிங்க் ஃபுளொயிட் பாட்டுகளை வாசித்த கை. அந்தக் கை உங்கள் வீட்டுக்கு வரப்போகும் கிற்றாரில் இல்லை.

கீறலும் உரிந்த சாயமும் இருக்கிறது, ஆகவே பழசுதான் என்று சொல்வார்கள். நம்பாதீங்கோ. 1995இல் இருந்து பெண்டர் கொம்பனியே புதுக் கிற்றாரை வேண்டுமென்று தேய்த்து, கீறி, பழசுபோலச் செய்து விற்கிறது. கொம்பனி அதை வெளிப்படையாகச் சொல்லி விற்கிறது. கள்ளனும் அதே வேலையைத்தான் செய்கிறான், ஆனால் சொல்ல மாட்டான். தொடர் இலக்கம் கொம்பனிக் கணக்கோடு ஒத்துவருகிறது என்பதும் சாட்சி இல்லை. ஒரு அசல் கிற்றாரின் இலக்கத்தையே நூறு போலியில் அடிக்கலாம்.

இது சின்ன வியாபாரமும் இல்லை. 2025 தொடக்கத்தில் அமெரிக்காவில் லொஸ் ஏஞ்சலிஸ், லோங் பீச் துறைமுகத்தில் 3,000க்கும் மேற்பட்ட போலி கிப்சன்களைச் சுங்கம் பிடித்த செய்தி வந்தது. ஆசியாவில் இருந்து கப்பலில் வந்தவை. அசலாக இருந்தால் 1 கோடி 80 இலட்சம் டொலருக்கு மேல் பெறுமதி. அவ்வளவு காவல் உள்ள துறைமுகத்துக்கே அவ்வளவு போகிறதென்றால், தெரிந்தவர் தெரியாதவர் பார்க்காமல் வாங்கும் எங்கள் பக்கத்துக்கு எவ்வளவு வரும்?

எங்கள் ஊருக்கென்றே ஒரு கதையும் கிளம்பியிருக்கிறது. ‘சண்டைக்கு முதல் வெளிநாட்டில் இருந்து கொண்டுவந்தது, பங்கருக்குள் புதைத்து வைத்து எடுத்தது.’ கேட்டவுடன் கண் கலங்கும், அதுக்குத்தான் சொல்கிறார்கள். எனக்குக் கோபம் வருவதும் இங்கேதான். போர்க்காலத்தில் வன்னியில் மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். மின்கிற்றார் வைத்திருந்து என்ன செய்வது? 2008இல் மல்லாவியை விட்டு வெளிக்கிட்டபோது தையல் மெசினையும் கூரைத் தகரத்தையும் ஏற்றிக்கொண்டு போனோம். அதையும் ஒவ்வொரு இடமாக விட்டுவிட்டுத்தான் முள்ளிவாய்க்கால் வரை நடந்தோம். அப்படி மிஞ்சிய ஒரு பொருள் இருக்கவே முடியாது என்று சொல்லவில்லை. அந்தக் கதையை விலைச்சீட்டாக ஒட்டி வருகிறவரிடம் ஒரு சதமும் கொடுக்காதீங்கோ.

இன்னொரு பொறி, சுங்கத்தின் பெயரில் வருவது. வெளிநாட்டில் இருக்கும் ‘நண்பர்’ கிற்றார் பரிசாக அனுப்பினாராம். கட்டுநாயக்க விமான நிலையத்தில் மறித்து வைத்திருக்கிறார்களாம். வரியை இந்தத் தனியார் கணக்கில் போட வேண்டுமாம். சுங்க வரி ஒருவருடைய சொந்த வங்கிக் கணக்குக்குப் போகாது. அந்த அழைப்பைத் துண்டியுங்கோ, இலக்கத்தைப் பொலிசில் கொடுங்கோ.

உண்மையான பழைய கிற்றார் வெளிநாட்டுச் சொந்தக்காரரிடம் இருந்தாலும் அவதானம் வேண்டும். ஐம்பதுகளின் கடைசியிலும் அறுபதுகளின் முற்பகுதியிலும் வந்தவற்றில் விரல்பலகை பெரும்பாலும் பிரேசில் ஈட்டி மரம். 1992 முதல் அது மிகக் கடுமையான சர்வதேசப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளது. அனுமதிப் பத்திரம் இல்லாமல் எல்லை தாண்டினால் கிற்றாரே பறிபோகலாம்.

‘முதலீடு’ என்று சொல்லி வருகிறவருக்கும் ஒரு பதில் வைத்திருங்கோ: 2008 உலகப் பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு பழைய கிற்றார் விலைகள் விழுந்தன. கையில் இருந்தவர் பலர் நட்டத்துக்கு விற்றார்கள். நிலமும் நகையும் உள்ள பணக்காரருக்கு அது தாங்கும். அடைவுச் சீட்டு உள்ள வீட்டுக்குத் தாங்காது.

பிள்ளை படிக்கத்தானே வேண்டும்? கிப்சன் கொம்பனியின் கீழேயே எபிபோன் இருக்கிறது, பெண்டரின் கீழே ஸ்குவையர் இருக்கிறது, யமகாவில் பசிபிக்கா இருக்கிறது. பெயரை மறைக்காமல் நேர்மையாகச் செய்தவை. பங்குத் திருவிழாவில் வாசிக்கவும் கோயில் இன்னிசைக்கு மேடையேறவும் அவை தாராளமாகப் போதும். கடையில் கையால் தொட்டு, அம்ப்பில் போட்டுக் கேட்டு, பற்றுச்சீட்டோடு வாங்குங்கோ.

அந்தப் பெடியன் விற்றவரின் இலக்கத்துக்கு இன்னும் எடுத்துப் பார்க்கிறான்; நிறுத்தி வைத்திருக்கிறது. வங்கிச் சிலிப்பையும் உரையாடல் படங்களையும் அழிக்காமல் வைத்து முறைப்பாடு எழுதச் சொல்லியிருக்கிறேன், நானும் கூடப் போகிறேன். வேறு யாராவது இப்போது ஒரு பேரத்தில் நிற்கிறீர்களென்றால், காசு அனுப்ப முதல் விற்பவரிடம் மூன்று படம் கேளுங்கோ: மூடி கழற்றிய தலை, கழுத்தின் பின்புறம், பின்பலகை திறந்த உள் வயரிங். தரமாட்டேன் என்றால் அத்தோடு விடுங்கோ. தந்தால் படங்களோடு கடைக்கு வாங்கோ. பார்த்துச் சொல்ல நான் காசு வாங்குவதில்லை.