வீட்டில் விமானம் செய்யலாம், பறக்க முடியுமா?

உச்சிவேளையில் பொங்கல் உண்ண வரும் கழுகுகளைப் பார்க்கவே ஒரு காலத்தில் திருக்கழுக்குன்றத்தில் கூட்டம் கூடும். அந்த மஞ்சள்முகப் பாறுகளின் எடை சுமார் 2 கிலோதான். விரித்த சிறகோ ஐந்தடி இருக்கும். ஒருவர் மட்டும் அமரும் குட்டி விமானத்தின் கணக்கும் இதுதான். எடை குறையவேண்டும், இறக்கை பெரிதாகவேண்டும்.

அமெரிக்காவில் ஒற்றை இருக்கை, வெற்று எடை 115 கிலோவுக்குள், பெட்ரோல் 19 லிட்டருக்குள், வேகம் மணிக்கு 102 கி.மீ.க்குள் என்றால் உரிமமே கேட்பதில்லை. ஆனால் 45 கி.மீ. வேகத்திலும் அது கீழே விழாமல் மிதக்கவேண்டும். ஆளும் பெட்ரோலும் சேர்த்து 210 கிலோவை அந்த வேகத்தில் தாங்க, 13 சதுர மீட்டருக்குக் குறையாத இறக்கை வேண்டும்.

எலும்புக்கூடு அலுமினியக் குழாய். அதன்மேல் பாலியெஸ்டர் துணியை ஒட்டி, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் துணி சுருங்கி, மத்தளத் தோல்போல விறைக்கும். சூட்டை 120 டிகிரியில் தொடங்கிப் படிப்படியாக 175 வரை ஏற்றவேண்டும். அதைத் தாண்டினால் துணி தளர்ந்து பாழ். போல்ட்டில் மரை உள்ள பகுதி துளைக்குள் நின்று பாரம் தாங்கக் கூடாது. முடிந்ததும் மூன்று சக்கரத்தின் கீழும் தனித்தனித் தராசு வைத்து எடையின் மையம் பார்ப்பார்கள். வால் பக்கம் கனத்துப்போன விமானத்தை எந்தக் கெட்டிக்கார விமானியாலும் காப்பாற்ற முடியாது.

நம் பக்கத்துக்கு இது புதிதல்ல. சென்னை மவுண்ட் ரோடில் ஓட்டல் நடத்திய கோர்சிக்காக்காரர் ஜியாகோமோ தாஞ்செலிஸ், தானே வடிவமைத்த விமானத்தை சிம்ப்சன் கம்பெனியில் செய்யவைத்தார். 1910இல் பல்லாவரத்தில் ஓட்டிப் பார்த்தார். பிறகு தீவுத்திடலில் டிக்கெட் போட்டு ஊருக்கே காட்டினார். பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்து ஓராண்டுகூட ஆகவில்லை! கேரளத்தின் சஜி தாமஸ், காது கேளாத, பேச இயலாத மனிதர், பழைய சாமான்களைக் கொண்டே இரண்டு இருக்கை விமானம் செய்தார். 2014இல் அது பறந்தது நம் மணிமுத்தாறில்.

தாஞ்செலிஸ் காலத்தில் கேட்க ஆளில்லை. இன்று செய்வதைவிட அனுமதி வாங்குவதுதான் நீண்ட வேலை. மும்பையில் மொட்டை மாடியில் ஆறு இருக்கை விமானம் கட்டிய அமோல் யாதவ் அதை 2016இல் கண்காட்சியில் வைத்தார். பதிவு 2017இல் கிடைத்தது, பறக்க அனுமதி 2019இல். ஒற்றை இருக்கை என்பதால் இங்கே விலக்கும் கிடையாது. பதிவு, பறக்கும் அனுமதி, விமானி உரிமம் எல்லாமே வேண்டும். அமெரிக்காபோல் எடை வரம்பு வைத்து ஒரு தனிப்பிரிவு கொண்டுவந்தால் என்ன குறைந்துவிடும் என்று புரியவில்லை.

அப்படி வந்தாலும் திருக்கழுக்குன்றத்துக்காரருக்குச் சிக்கல் தீராது. தென்கிழக்கே கல்பாக்கம் அணுமின் நிலையம். அதன் மேலே பறக்கத் தடை. வடக்கே தாம்பரம் விமானப்படைத் தளம், அதையடுத்து மீனம்பாக்கம். பட்டறையை ஊரில் வைக்கலாம். ஓடுபாதையை வேறெங்காவதுதான் தேடவேண்டும்.

ஆசை விடாதவர்கள் சொந்த வடிவமைப்பில் இறங்காமல், ஏற்கெனவே பலர் செய்து பறந்த வரைபடத்தை வாங்குங்கள். குழாய்க்குப் பணம் கட்டுமுன் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் (டிஜிசிஏ) சென்னை அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். விமானம் தயாராவதற்குள் ஒரு பயிற்சியாளரிடம் பறக்கவும் கற்றுக்கொள்ளுங்கள்; ஒற்றை இருக்கையில் சொல்லித்தர இன்னொருவருக்கு இடமில்லை.