உங்களுக்குத் தெரியுமா? கொல்லிமலையின் வில்லாளி

70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலை செம்மேட்டுக்கு ஏறினால், வல்வில் ஓரியின் சிலையைக் காணலாம். சங்க காலக் கடையெழு வள்ளல்களில் ஒருவர் இவர்.

இவர் எய்த ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி என நான்கையும் துளைத்து, புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்ததாகப் புறநானூற்றின் 152ஆம் பாடலில் வன்பரணர் சொல்கிறார். அதைவிட எனக்குப் பிடித்தது அடுத்து நடப்பதுதான். யாரென்று தெரியாமலேயே பாணர் கூட்டம் அந்த வேட்டுவரின் முன் பாடுகிறது. பாட்டில் தம் பெயர் வந்ததும் ஓரி நாணுகிறார்! மான்கறியும் மதுவும் பொன்னும் மணியும் தந்து அனுப்புகிறார். 153ஆம் பாடலில், பசி தீர்ந்த கலைஞர்கள் ஆடலையும் பாடலையுமே மறந்துவிடுகிறார்கள். பசியறிந்து கொடுத்த கை அது.

மலையமான் திருமுடிக்காரி என்ற மன்னர் ஓரியைக் கொன்று, அவர் ஆண்ட கொல்லியைச் சேரருக்குக் கொடுத்ததை அகநானூறு சொல்கிறது.

ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் இங்கு அரசு நடத்தும் வல்வில் ஓரி விழாவில் இன்றும் வில்வித்தைப் போட்டி உண்டு.