நீரோடு உறவாடு – 12: குளமா, கடலா?

குளத்தில் நாற்பது லேப் அநாயாசமாக அடிக்கிறவர்கூட, கடலில் இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே திணறிப்போவதுண்டு. தெம்பெல்லாம் அப்படியேதான் இருக்கும். உதைத்துத் திரும்பச் சுவர்தான் இருக்காது. 50 மீட்டர் குளத்தில் 1,500 மீட்டர் நீந்தினால் 29 முறை திரும்புகிறோம். ஒவ்வொரு முறையும் சுவரை உதைத்து, கை வீசாமலேயே சில மீட்டர் வழுக்கிப் போகிறோம். அதில் தோள் இளைப்பாறுவது நமக்கே தெரிவதில்லை.

கடலிலும் சலுகை உண்டு. உப்பு நீர் அடர்த்தி கூடியது. உடம்பைத் தூக்கிக் கொடுக்கும். கால் அமிழ்கிறது என்று கோச்சிடம் திட்டு வாங்குகிறவர்களுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் அதே உப்பு கக்கத்தையும் கழுத்தையும் உராய்ந்து புண்ணாக்கிவிடும். தொலைதூரம் நீந்துகிறவர்கள் வாஸலினை அப்பிக்கொண்டு இறங்குவது அதனால்தான்.

பெரிய சிக்கல், நேராகப் போவது. குளத்தில் தரையில் கறுப்புக் கோடு இருக்கிறது. கடலில் என்ன இருக்கிறது? நம் எல்லோருக்கும் ஒரு கை வலுவாக இழுக்கும், ஒரு கை சோம்பும். ஆளில்லாத லேனில் கண்ணை மூடிக்கொண்டு பத்து வீச்சு போட்டுப் பாருங்கள். எந்தப் பக்கத்துக் கயிற்றில் கை இடிக்கிறதோ, கடலில் அந்தப் பக்கம்தான் விலகிப் போவீர்கள். அதற்குத்தான் சில வீச்சுகளுக்கு ஒருமுறை முதலை மாதிரி கண்ணை மட்டும் நீருக்கு மேலே தூக்கி இலக்கைப் பார்க்கிறார்கள். தலையை முழுதாகத் தூக்கினால் இடுப்பு இறங்கிவிடும். பார்ப்பது முன்னால், மூச்சு பக்கவாட்டில். இதைக் குளத்திலேயே பழகலாம்.

இரண்டும் ஒருவருக்கே கைவருமா? துனீசியாவின் உசாமா மெல்லூலியைப் பாருங்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் குளத்தில் 1,500 மீட்டரில் வெண்கலம். சில நாள்களிலேயே ஹைட் பார்க் ஏரியில் 10 கிலோமீட்டரில் தங்கம்.

நமக்கு அருகிலேயே பாக் நீரிணை இருக்கிறது. 1954-இல் நவரத்தினசாமி அதை நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971-இல் போய்த் திரும்பியே வந்தார்! அப்பேர்ப்பட்டவர், 1984-இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் உயிரிழந்தார். கடலோடு உறவு வைக்கலாம், உரிமை கொண்டாட முடியாது.

ஆகவே என் தீர்ப்பு இது. உடம்பு இளைக்க, நேரத்தைக் குறைக்க, குழந்தைக்குக் கற்றுக்கொடுக்க என்றால் குளமே போதும். கடலுக்குப் போகவில்லையே என்று குறைப்பட வேண்டாம். ஒரு கிலோமீட்டரை நிற்காமல், சுவரில் ஓய்வெடுக்காமல் நீந்த முடிந்த பிறகு கடலை யோசியுங்கள். அப்போதும் கடலறிந்த ஒருவர், துணைக்கு ஒரு படகு, தூரத்திலிருந்தே தெரிகிற நிறத்தில் தொப்பி, மூன்றும் வேண்டும். கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டத்தில் சிக்கினால் அதை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்தாதீர்கள். கரைக்கு இணையாக நீந்தி, இழுப்பு விட்டதும் திரும்புங்கள். மெரினாவில் குளிக்கத் தடை இருப்பது உங்களுக்கும் சேர்த்துத்தான். நீச்சல் தெரியும் என்ற தைரியத்தில் அங்கே இறங்கிவிடாதீர்கள்.

(தொடரும்)