கல்லின் குணமறிந்து தரை போடுங்கள்



நோன்பு திறக்கும் வேளை. பிள்ளையின் கைதவறி எலுமிச்சைச் சர்பத் வெண்பளிங்குத் தரையில் சிந்திவிடுகிறது. மஃரிபு தொழுதுவிட்டுத் துடைத்துக் கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறீர்கள். பிறகு துடைத்தால் ஈரம் போகிறது. மங்கலான ஒரு வட்டம் மட்டும் போகவில்லை. சோப்புப் போட்டுத் தேய்க்கிறீர்கள். கடைசியில் குளியலறை ஆசிட்டை ஊற்றுகிறீர்கள். மறுநாள் பார்த்தால், கையகல வட்டம் முறத்தளவு ஆகியிருக்கிறது!

ஏன் இப்படி நேர்ந்தது? அந்த வட்டம் கறையன்று. கல்லே அரிக்கப்பட்ட தழும்பு. பூமிக்கடியில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய சுண்ணாம்புக் கல்லே பளிங்கு. எலுமிச்சை, புளி, வினிகர் என எந்தப் புளிப்பும் அதனைக் கரைக்கும். ஆசிட்டோ ஒரேயடியாகத் தின்றுவிடும்.

தாஜ்மகாலின் வெண்பளிங்கு ராஜஸ்தானின் மக்ரானாவிலிருந்து வந்தது. சுற்றுப்புற ஆலைப் புகையின் அமிலத் தன்மையிலிருந்து அதனைக் காப்பதற்காகவே, ஆலைகள் இயற்கை எரிவாயுவுக்கு மாறவேண்டும், இன்றேல் இடம்பெயர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் ஆணையிட்டது. அரசர் கட்டிய நினைவிடத்துக்கே அந்த நிலை என்றால், நம் கூடத்துத் தரை எம்மாத்திரம்?

எந்த அறைக்கு எந்தக் கல்?

கூடத்திற்கும் படுக்கையறைக்கும் பளிங்கு ஏற்றது. சமையலறைக்கு அது வேண்டாம். நாம் உறுதியானவை என்று நம்பும் கடப்பைக் கல்லும் கோட்டாக் கல்லும் சுண்ணாம்புக் கல் இனமே. அவற்றின் மீதும் புளித்தண்ணீர் தடம் பதிக்கும். அடுப்பு மேடைக்குக் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் வெட்டியெடுக்கும் கிரானைட் தகும். சமையலறைப் புளிப்பை அது தாங்கும்.

குளியலறையிலும் உளூச் செய்யும் இடத்திலும் பளபளப்பான கல்லைப் பதிக்கவே வேண்டாம். ஈரம் பட்டால் அது வழுக்கும். வயது முதிர்ந்த உம்மாவோ வாப்பாவோ விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், தரையின் அழகு என்ன பயன் தரும்? மெருகேற்றாத, சொரசொரப்பான கல்லையே அங்குப் பதியுங்கள்.

வாங்குமுன் இரு சோதனைகள்

கடைக்காரரிடம் மாதிரித் துண்டு கேட்டு வாங்கி வாருங்கள். அதன்மீது ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பத்து நிமிடம் கழித்துத் துடையுங்கள். பளபளப்பு மங்கினால் அது சுண்ணாம்பு இனம். இன்னோர் இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கல் கறுத்து ஈரத்தை உறிஞ்சினால், எண்ணெயையும் மஞ்சளையும் அவ்வாறே உறிஞ்சும். பதித்தபின் நீர்புகாப் பூச்சு தரவேண்டும்.

ஒரே பாறையின் கல்லிலும் நிறம் மாறுபடும். எனவே, தேவையான அனைத்தையும் ஒரே தடவையில், பத்துக்கு ஒரு பங்கு கூடுதலாக வாங்கி வையுங்கள். பின்னாளில் ஒரு கல் உடைந்தால் ஒத்த நிறம் கிடைப்பது அரிது.

அன்றாடப் பராமரிப்பு

மணல் பளிங்கை விடக் கடினமானது. செருப்போடு வரும் மணலே தரையைக் கீறுகிறது. வாசலில் மிதியடி போடுங்கள். ஈரத்துணியால் துடைக்குமுன் மென்மையான துடைப்பத்தால் பெருக்குங்கள். மிதமான சோப்புத் தண்ணீரே போதும். பிறகு நல்ல தண்ணீரால் துடைத்து உலர விடுங்கள். எது சிந்தினாலும் தேய்க்காமல் உடனே ஒற்றியெடுங்கள். எண்ணெய்க் கறைக்குச் சமையல் சோடாவை நீரில் குழைத்துப் பூசி, ஒரு நாள் மூடிவைத்துப் பின் எடுங்கள். தழும்பு விழுந்துவிட்டாலோ, பாலிஷ் போடுபவரை அழைப்பதொன்றே வழி.

ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்காதீர்கள். அதிலிருந்து எழும் நச்சுவாயு உயிருக்கே ஆபத்தாகும்.

வீடு கட்டுவது வாழ்நாள் சேமிப்பு. விலையுயர்ந்த கல்லை அறியாமையால் பாழாக்குவதும் வீண்விரயமே. கொத்தனாரிடம் பொறுப்பை விட்டுவிடாமல், நீங்களே ஓர் எலுமிச்சம்பழத்தோடு கடைக்குச் செல்லுங்கள்!