குறைமாசக் குழந்தைக்கு வைட்டமின் டி சொட்டு மருந்து எதற்கு?



மரக்காணம் உப்பளத்தில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. அதனால் குறைமாசக் குழந்தைக்கு டாக்டர் வைட்டமின் டி சொட்டு மருந்து எழுதினால், "வெயில்லயே பொழைக்கிறோம், நமக்கு எதுக்கு இது?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். பதிலைத் தெரிந்துகொள்வோம்.

37 வாரம் முடியுமுன் பிறப்பது குறைமாசக் குழந்தை. வயிற்றுப் பிள்ளை வைட்டமின் டி-யைத் தாயிடமிருந்து சேர்த்துக்கொள்வது பெரும்பாலும் கடைசி மூன்று மாசத்தில்தான். நோயை எதிர்க்கும் பொருள்களும் அப்போதுதான் அதிகமாகப் போகின்றன. முன்கூட்டியே பிறந்த பிள்ளை இரண்டையும் முழுசா வாங்காமலே வந்துவிடுகிறது.

தாயிடமும் இந்தச் சத்து குறைவாக இருக்கலாம். வெயில் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி உண்டாகும். நாமோ முழுக்கைச் சட்டை போட்டு, தலையில் துணி கட்டிப் பாத்தியில் இறங்குகிறோம். விடியற்கால வெயிலில் இது அதிகம் கிடைக்காது. கறுத்த தோலுக்கு இன்னும் நேரம் பிடிக்கும். தாய்ப்பாலிலும் கொஞ்சம்தான் இருக்கிறது. அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்திடாதீங்க, அதுக்கு ஈடு எதுவும் இல்லை.

இந்தச் சத்து எலும்புக்கு மட்டுமல்ல. நம் ரத்தத்தின் வெள்ளணுக்கள் கிருமியைக் கொல்லும் ஒரு பொருளைத் தயாரிக்க வைட்டமின் டி வேண்டும் என்று 2006-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டார்கள்.

ஆனாலும் சொட்டு மருந்து மட்டும் காப்பாற்றிவிடாது. டெல்லியில், மாசம் நிறைந்தும் எடை குறைவாகப் பிறந்த 2,000-க்கு மேற்பட்ட குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. வாரம் ஒருமுறை வைட்டமின் டி பெற்றவர்களின் வளர்ச்சி கூடியது. ஆனால் இறப்போ, ஆஸ்பத்திரியில் சேர்ப்பதோ குறையவில்லை என்று 2011-ல் தெரிவித்தார்கள். தாய்ப்பால் குடிக்கும் குறைமாசக் குழந்தைக்கு வைட்டமின் டி கொடுக்கச் சொல்லி 2022-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. கூடவே மற்ற கவனிப்பும் வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை:

1. டாக்டர் சொன்ன அளவை, சொன்ன நாள் வரை தினமும் கொடுங்கள். வழக்கமாக நாளுக்கு 400 யூனிட் எழுதுவார்கள்.

2. ஒரு மில்லியில் 400 யூனிட் உள்ள பாட்டிலும் உண்டு, 800 உள்ளதும் உண்டு. கடையில் வேறு பாட்டில் கொடுத்தால் நர்ஸம்மாவிடம் காட்டி அளவைக் கேளுங்கள். அளவு மீறினால் கெடுதல்.

3. பச்சைக் குழந்தையை வெயிலில் கிடத்தாதீர்கள்.

4. கை கழுவிய பிறகே குழந்தையைத் தொடுங்கள். நெஞ்சோடு அணைத்துக் கதகதப்பாக வைத்திருங்கள். தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள்.

5. பால் குடிக்காமல் துவண்டாலோ, உடம்பு சில்லிட்டாலோ, சுட்டாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ, விடியட்டும் என்று காத்திராமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

"அளத்து வேலைக்குப் போகலன்னா கூலி போயிடுமே" என்று எந்தத் தாயும் ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடக் கூடாது. அப்படிப்பட்ட உறுப்பினருக்கு உள்கடனை முதலில் கொடுப்போம். அடுத்த குழுக் கூட்டத்தில் இதை எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.